அப்படியே விடவும்

அத்தியாயம் 4

நீச்சல் குளம் எங்கே என்று கேட்டுக்கொண்டு நீச்சல் குளத்தின் தலைமேலேயே நின்றுகொண்டிருந்தேன்.

காரை நிறுத்திவிட்டு இறங்கினால் ஒரு புல்சரிவு, நாலைந்து மரம், அங்கங்கே கல். யாருடைய ஆடோ ஒன்று நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தது. மூன்று வருடம் வேலை நடந்த இடம் இதுதானா, அட்ரஸ் தப்பா என்று அண்ணியிடம் கேட்டேன். அண்ணி செருப்புக் காலால் புல்லைத் தட்டிக் காட்டினார். கீழே டொக்கென்று சத்தம் வந்தது. உடை மாற்றும் அறைகளின் கூரைமேல் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். கூரையில் புல்லை வளர்த்து அதை மலைச்சரிவோடு இழைத்து விட்டிருக்கிறார்கள். ஆடே ஏமாந்துபோன இடத்தில் நான் ஏமாந்ததில் எனக்கு வெட்கம் இல்லை.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. பதினாறு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைத் தோண்டி எடுத்து, அந்த ருசி விடாமல் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் வைத்தவர். நான் உதவியாளன். கார் ஓட்டுவது, படம் எடுப்பது, கதவுக்குப் பின்னால் நிற்பது, திட்டு வாங்குவது எல்லாம் என் இலாகா. கேஸ் முடிந்தால் பேர் அண்ணிக்கு, வயிற்றெரிச்சல் எனக்கு. இதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இந்த அத்தியாயம் முழுக்கவே வயிற்றெரிச்சல் சமாச்சாரம்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேஸ் இதுதான். இந்தக் குளத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட் ஓர் அம்மா, எங்களை அமர்த்தியவரும் அவர்தான். மறுநாள் காலை பத்து மணிக்கு நகராட்சிக் கமிட்டி குளத்தங்கரையிலேயே கூடப்போகிறது. வாசல் கல்லில் வரைந்தவர் பெயரைச் செதுக்க இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். நேரம் பார்த்துப் போன வாரம் கமிட்டித் தலைவருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. இந்தக் குளம் திருட்டு, அந்த அம்மா அப்போது வேலை பார்த்த பழைய ஆபீஸில் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னாலேயே வரைந்தது, ஆதாரம் உள்ளே இருக்கிறது என்று கடிதம் சொன்னது. உள்ளே ஒரு வரைபடம் இருந்தது. மூலையில் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி, பழைய ஆபீஸின் முத்திரை. அந்தக் காலத்தில் நகராட்சி இதே சரிவில் குளம் கட்ட யோசித்து, அந்த ஆபீஸிடம் பேசி, பிறகு கைவிட்டது உண்மை. அதனால் கடிதம் பொய் என்று யாராலும் உடனே தள்ள முடியவில்லை.

நாளைக்குள் பதில் சொல்லாவிட்டால் கடிதம் மாதிரி கல்லும் மொட்டையாகவே நிற்கும். அதற்குப் பிறகு அந்த அம்மாவிடம் யாரும் ஒரு நாய்க்கூண்டுகூட வரைந்து கேட்க மாட்டார்கள்.

கமிட்டித் தலைவர் முந்தின நாள் மாலை எங்களுக்குப் பத்து நிமிஷம் அந்த வரைபடத்தைக் காட்டினார். ஒரு நிபந்தனை. விசாரணை முடியும்வரை அந்த அம்மா கண்ணில் அது படக்கூடாது. அண்ணி காட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அதில் இருந்ததையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். வளைந்த கரை, புல் கூரை, இறங்கும் பாதை, கிழக்கு ஓரத்தில் ஒரு பெரிய பாறை. பாறைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘இருக்கும் பாறை. அப்படியே விடவும்’ என்று குறிப்பு. இடத்தில் ஏற்கெனவே உள்ள எதையும் வரைகிறவர்கள் ‘இருக்கும்’ என்றுதான் எழுதுவார்களாம். இருக்கும் மரம், இருக்கும் கிணறு, இருக்கும் சுவர். தாள் பழசுதானே என்று நான் கேட்டதற்கு, தாள் பழசாக இருந்தால் கோடும் பழசாகிவிடுமா என்று அண்ணி திருப்பிக் கேட்டார்.

அந்த அம்மா சரிவேறி வந்து எங்களை அழைத்துப் போனார். ஐம்பதை நெருங்கும் வயது, சேறு அப்பிய பூட்ஸ், காதில் பென்சில். பாதை இறங்கி இறங்கிப் போயிற்று. ஒரு திருப்பம் வரைக்கும் தண்ணீர் கண்ணில் படவில்லை. திருப்பத்தைத் தாண்டியதும் நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். மரங்களுக்கு நடுவே கறுத்த, அசையாத தண்ணீர். நீல ஓடு கிடையாது, பளபளக்கும் கம்பி கிடையாது. தரைக்குச் சாம்பல் நிறக் கல் பதித்திருந்ததால் தண்ணீர் வானத்தின் நிறத்தையும் இலையின் நிறத்தையும் எடுத்துக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் சுவரே இல்லை. தண்ணீர் அங்கே வழிந்து கண்ணுக்குத் தெரியாத கால்வாயில் விழ, குளம் முடிந்து பள்ளத்தாக்கு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. குழந்தைகள் பக்கம் ஓடைக்கரை மாதிரி மெல்ல ஆழமானது. எத்தனை அடி ஆழம் என்ற எண்களைக்கூடக் கரைக்கல்லில் செதுக்கியிருந்தார்கள்.

“யாராவது வந்து பாத்துட்டு, இங்க ஒண்ணும் கட்டலையேன்னு சொன்னா, அதுதாங்க எனக்குப் பாராட்டு” என்றார் அந்த அம்மா.

கட்டினதும் தெரியக்கூடாது, கல்லில் பேரும் வேணும் என்றால் எப்படி என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கட்டினது தெரியாததால்தான் கல்லில் பேர் அவசியம், இல்லாவிட்டால் எல்லாப் பெருமையும் மலைக்கே போய்விடும் என்றார். சொல்லிவிட்டுக் குனிந்து, கரையில் ஒதுங்கிய ஓர் இலையை எடுத்து எறிந்தார்.

“பேரு போனாக்கூடத் தாங்கிக்குவேன். எனக்கு யாருன்னு தெரியணும். யாருக்கு என் மேல இவ்வளவு வெறுப்புன்னு தெரியாம நான் எப்படி இந்த ஊர்ல நடமாடுறது?”

அண்ணி பழைய ஆபீஸைப் பற்றி விசாரித்தார். அங்கே கோடு போட எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு கேள்வியும் போட்டார். இரண்டு கோடு சந்திக்கும் மூலையில் பென்சில் நின்றுவிடக்கூடாது, ஒரு மயிரிழை தாண்டி ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஆபீஸை நடத்திய பெரியவர் ஸ்கேலால் விரலில் தட்டுவார் என்று அந்த அம்மா சிரித்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். மொட்டைக் கடித வரைபடத்தில் எல்லா மூலையும் அப்படித்தான் ஓடியிருந்தது. பெரியவர் காலமாகிவிட்டார். அவரிடம் அடி வாங்கியவர்களில் இந்த ஊரில் மிச்சம் மூன்றே பேர். இந்த அம்மா, அம்மாவின் வீட்டுக்காரர், அப்புறம் அந்த அம்மாவோடு கூட்டாகத் தொழில் நடத்திப் பாதியில் பிரிந்துபோன பழைய பார்ட்னர். பார்ட்னர் எப்போதும் மஞ்சள் பிரேம் கண்ணாடி போடுகிறவர். இந்தக் குளத்துக்குப் போட்டி போட்டுத் தோற்றவரும் அவரே. எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்துவிட்டது.

வீட்டில் எல்லாரும் குளத்தைப் பார்த்தாயிற்றா என்று பேச்சுக்குக் கேட்டேன். வீட்டுக்காரருக்கு முட்டி வலி, இந்தச் சரிவில் இறங்க முடியாது, அதனால் இன்னும் வரவில்லை என்றார். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து சின்னச் சின்ன வேலை பார்க்கிறாராம். இப்போது யாரோ ஒருவர் பாத்ரூமை மாற்றி வரைகிறாராம். கீழே கால்வாயைப் பார்க்க யாரோ கூப்பிட, அந்த அம்மா போய்விட்டார்.

கிழக்கு ஓரத்தில் அந்தப் பாறை இருந்தது. இரண்டு ஆள் உயரம், பாசி படர்ந்து, ஒரு பக்கம் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு. வரைபடத்தில் எங்கே இருந்ததோ அச்சு அசலாக அங்கேயே. வளைவு, கூரை, பாதை எல்லாமே பொருந்தின. திருட்டு என்பது உண்மைதான் போலிருக்கிறது, நாம் தப்பான கட்சியில் இருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அண்ணி பாறையில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். நகரவில்லை.

“தம்பி, பாறைக்கு வயிறு உறுமுமா?”

நானும் காதை வைத்தேன். உள்ளே ஊமென்று ஒரே சீராகச் சத்தம் கேட்டது.

சாம்பல் பெயின்ட் டப்பாவும் பஞ்சும் எடுத்துக்கொண்டு ஒரு கொத்தனார் வந்தார். பாறையில் ஒரு மூலை உதிர்ந்திருந்ததைப் பூச வந்தவர். நாங்கள் காது வைத்திருந்த அழகைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அம்மா உத்தரவாம். ஆனால் பார்த்துவிட்டவர்களிடம் மறைத்து என்ன பயன் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு, பாசியை விரலால் நெருடி ஒரு கொக்கியை இழுத்தார். பாறை கதவு மாதிரி திறந்தது. உள்ளே இரண்டு மோட்டார், தண்ணீர் வடிகட்டும் நாலு பெரிய உருளை.

மோட்டார் அறை முதலில் நிலத்துக்கு அடியில் இருப்பதாகத்தான் திட்டம். தோண்டிய குழியில் ஊற்று எடுத்து மோட்டார் முழுகிவிட்டது. வேறு வழியில்லாமல் மேலே கொண்டுவர வேண்டிய கட்டாயம். இத்தனை அழகுக்கு நடுவில் சதுரமாக ஒரு சிமெண்டு அறையா என்று அந்த அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். மூன்றாம் நாள் கம்பியை வளைக்கச் சொன்னார், வலை போர்த்தச் சொன்னார், சிமெண்டைக் கையாலேயே அப்பச் சொன்னார். ஐம்பது நாள் வேலை. பாசி பிடிக்க அதன் முதுகில் புளித்த தயிரைப் பூசினார்களாம். பாதி வேலையில் அது காதும் தும்பிக்கையும் இல்லாத யானை மாதிரி நின்றதால் வேலையாட்கள் எல்லாருக்கும் அது யானைதான். அந்த அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாராம். எல்லாம் நடந்து பதினாலு மாதம் ஆகிறது, நகராட்சி என்ஜினீயர் கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது என்றார் கொத்தனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இந்த அம்மா மோட்டார் ரூமையே மறைத்திருக்கிறார்.

காருக்கு நடக்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினாலு மாதத்துக்கு முன்னால் செய்த பாறையை, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருத்தர் ‘இருக்கும் பாறை’ என்று வரைந்திருக்கிறார் என்றால் அவர் ஜோசியராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புளுகராக இருக்க வேண்டும். கேஸ் முடிந்தது என்றேன். அண்ணி பாதிதான் முடிந்தது என்றார். வரைபடம் பொய் என்று நாளைக்குச் சொல்லிவிடலாம். யார் என்று அந்த அம்மா கேட்டாரே, அதற்கு என்ன சொல்லுவாய் என்றார்.

நேரே மஞ்சள் கண்ணாடிக்காரரின் ஆபீஸுக்குப் போனோம். பதினோராவது மாடி, நாலு பக்கமும் கண்ணாடி. வெள்ளை மேஜை, வெள்ளை நாற்காலி, உட்கார்ந்தால் அழுக்காகிவிடுமோ என்று பயமாக இருந்தது. தூரத்தில் அந்த மலைச்சரிவு தெரிந்தது. ஜன்னல் ஓரத்தில் ஒரு பைனாகுலர். நான் அண்ணியின் முழங்கையை இடித்தேன். அண்ணி என் காலை மிதித்தார்.

மொட்டைக் கடிதம் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, ஊருக்கே தெரியும் என்றார். முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. அண்ணி கடிதத்தை விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி குளத்தைப் புகழ ஆரம்பித்தார். அதிலும் அந்தப் பாறை, அது மட்டும் அங்கே இயற்கையாக இல்லாமல் போயிருந்தால் குளத்துக்கு இந்த அழகு வந்திருக்குமா என்றார்.

மஞ்சள் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் இருந்தது.

“பாறையா? அது யானைங்க. உள்ள ரெண்டு மோட்டார் ஓடுது. நான் எட்டு தடவை போய்ப் பாத்துட்டேன். கொத்தனாருக்கு டீ வாங்கிக் குடுத்து, எத்தன மூட்டை சிமெண்டுன்னு வரைக்கும் கேட்டுட்டு வந்தேன். அந்த யோசனை எனக்கு வந்திருக்கணும். நெனச்சா இன்னிக்கும் நெஞ்சு எரியுது.”

அதோடு நிறுத்தாமல் குளத்தின் குறைகளையெல்லாம் அடுக்கினார். படிக்கட்டில் மூன்றாவது படி அரை அங்குலம் உயரம். மேற்குப் பக்கம் சாயங்காலம் கண்கூசும். அவ்வளவும் உண்மையாகத்தான் இருக்கும். கட்டின அம்மாவைவிட அவருக்குக் குளம் மனப்பாடமாக இருந்தது. கடைசியில், அந்த அம்மாவிடம் தோற்றதுகூடப் பரவாயில்லை, நல்ல வேலையிடம் தோற்றதைத்தான் தாங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு எங்களை லிஃப்ட் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

லிஃப்டில் எனக்கு முகம் தொங்கிவிட்டது. யானை என்று தெரிந்த மனிதர் ‘இருக்கும் பாறை’ என்று எழுதித் தன் கழுத்துக்குத் தானே கயிறு போட்டுக்கொள்ள மாட்டார். அப்படியென்றால் யார்? பெரியவரின் ஆவியா?

காரில் ஏறியதும் அண்ணி நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. பாறையில் காது வைத்ததில் பாதிப் பங்கு என்னுடையது. நாளைக்குக் கமிட்டி முன்னால் அதைச் சொல்லப்போவது யார்? அண்ணிதான். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகை இரண்டு பக்கத்துக்குப் பேட்டி போட்டபோதும் அப்படித்தான். அண்ணி படம் கால் பக்கத்துக்கு. அதைச் சொல்லிக் காட்டிவிட்டேன். பத்திரிகையில் எல்லாப் பேரையும் நீங்களே வாரிக்கொண்டது போதாதா என்றும் சேர்த்துக்கொண்டேன்.

எந்தப் பாராவில் அப்படி இருந்தது என்று அண்ணி அமைதியாகக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் அந்தப் பேட்டியைப் படிக்கவே இல்லை. படத்தைப் பார்த்ததும் மூடிவிட்டேன். படித்துவிட்டேன், பிரமாதம் என்று அன்றைக்கு அண்ணியிடம் சொன்னது வேறு விஷயம். அண்ணி முன்னால் குனிந்து, நான் கார்க் கண்ணாடி துடைக்க வைத்திருந்த பழைய தாள்களை எடுத்தார். மேலே இருந்தது அதே பத்திரிகை. ஆறு மாதமாக அண்ணியின் முகத்தால்தான் நான் மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கசங்கிய பக்கத்தை மடியில் நீவி, மூன்றாவது பாராவைப் படித்தார். என் கொழுந்தனின் கண் இல்லாவிட்டால் பாதிக் கேஸில் நான் குருடி என்று அதில் போட்டிருந்தது.

சிக்னலில் பச்சை விழுந்து பின்னால் இருந்தவன் ஹாரன் அடிக்கும்வரை நான் வண்டியை எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தால் அண்ணி என்னைக் கவனிக்கவே இல்லை. எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொறாமைல ரெண்டு வகை இருக்கு தம்பி. ஒண்ணு கண்ணை எடுக்கவே எடுக்காது. அந்த மஞ்சள் கண்ணாடி மாதிரி. இன்னொண்ணு கண்ணையே திறக்காது. உன்னை மாதிரி.”

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம். பாறை என்று எழுதியது கண்ணைத் திறக்காத பூனை. மூலையில் கோடு தாண்டி ஓடும் கை, வேலை நடந்த மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அந்த இடத்துக்கு வராத கால். வண்டியை ஆர்க்கிடெக்ட் வீட்டுப் பக்கம் திருப்பினேன். அண்ணி போனில் அந்த அம்மாவை உடனே வீட்டுக்கு வரச் சொன்னார்.

மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்து கேட்டைத் திறந்தார். நரைத்த தாடி, சாந்தமான முகம், நல்ல மனிதர் என்று பார்த்தவுடனே சொல்லத் தோன்றும். எங்களுக்கு முன்னால் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினார். நான் இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கி நின்றபோது அவர் மேலேயிருந்து மெதுவா வாங்க என்றார். அந்த முட்டியில் வலி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஹாலில் இரண்டு வரைமேஜைகள், ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக்கொண்டு. ஒன்றில் அந்த அம்மாவின் குளத்து வரைபடங்கள் மலை மாதிரி. மற்றதில் ஒரே ஒரு பாத்ரூம். அலமாரியின் அடித்தட்டில் பழைய ஆபீஸ் காலத்து வெற்றுத் தாள்கள் சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தன. அவர் எங்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார். மனைவிக்கு வந்த கஷ்டத்துக்காக வருத்தப்பட்டார். அவள் திருடியிருக்க மாட்டாள், ஆனால் பழைய நினைவு எங்கேயாவது மனசில் தங்கியிருந்து அவளையறியாமல் வெளியே வந்திருக்கலாம், யாருக்குத்தான் நடக்காது என்றார். தேனில் தோய்த்த ஊசி.

வாசல் கதவு திறந்தது. அந்த அம்மா பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். அண்ணி அவர் பக்கம் திரும்பாமல், குளத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பாறைதான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னார்.

“ஆமாங்க, திறப்பு விழா அழைப்பிதழ் போட்டோவுல பாத்தேன்” என்றார் அவர். “அவளுக்கு அதிர்ஷ்டம். அப்படி ஒரு பாறை அந்த இடத்துல கிடந்ததே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. அதை உடைக்காம விட்டதுக்கு வேணா பாராட்டலாம்.”

அந்த அம்மா ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அண்ணி நோட்டை எடுத்தார். வரைபடத்தைக் காட்ட மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன், படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை என்று முன்னுரை சொல்லிவிட்டு, கிழக்கு ஓரம், இருக்கும் பாறை, அப்படியே விடவும் என்று படித்தார். பழைய தாளும் பழைய முத்திரையும் இருந்தால் பழைய வரைபடம் ஆகிவிடும் என்று நினைத்தவர், பாறையின் வயதை மட்டும் விசாரிக்கவில்லை என்றார்.

வீட்டுக்காரருக்கு அப்போதும் புரியவில்லை. பாறைக்கு என்ன வயது என்று எங்களைப் பார்த்தார். பதில் வாசலிலிருந்து வந்தது.

“பதினாலு மாசம். நான் செஞ்சது. அதுதாங்க யானை.”

“யானையா?” என்றார் அவர்.

“ஐம்பது நாளு தினமும் சாப்பிடும்போது சொன்னேனே. இன்னிக்கு யானைக்கு முதுகு முடிஞ்சுது, இன்னிக்கு யானைக்குத் தயிர் பூசினோம்னு. நீங்க உம் உம்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே.”

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். யானை என்று ஏதோ மிஷினுக்குப் பட்டப்பேர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாராம். அதற்கு மேல் காதில் வாங்கவில்லையாம். குளம் என்று அவள் ஆரம்பித்தாலே காது தன்னால் அடைத்துக்கொள்ளும், தட்டில் இருப்பதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்றார். பழைய ஆபீஸில் அவளுக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தானாம். கேட்கக் கேட்க எனக்குக் காரில் கிடந்த அந்தக் கசங்கிய பத்திரிகை ஞாபகம் வந்து, அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“கல்லுல என் பேரு வரணும்னு நான் ஆசைப்படல” என்றார். “அவ பேரு மட்டும் தனியா நிக்கிறதைத்தான் என்னால தாங்க முடியல.”

சத்தமில்லாமல் அழுதார். அழுகைக்கு நடுவிலும் நிமிர்ந்து மனைவியைப் பார்த்து, பாசி எத்தனை நாளில் பிடித்தது என்று கேட்டார். தொழில்காரனின் கேள்வி அது. அந்த அம்மா பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு வந்து தன் மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணி வேலையை முடித்துவிடப் பார்த்தார். என்ஜினீயர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று போதும், வரைபடம் போலி என்று நாளைக்கு ஐந்து நிமிஷத்தில் நிரூபித்துவிடலாம், யார் என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் இஷ்டம் என்றார். ஆனால் ஒன்று. ஆள் யார் என்று சொல்லாவிட்டால் ஊர் மஞ்சள் கண்ணாடிக்காரரைத்தான் கைகாட்டும். அவர் எரிச்சல்காரர்தான், இந்தக் காரியம் செய்தவர் இல்லை.

அந்த அம்மா மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார். காதிலிருந்த பென்சிலை எடுத்து வரைய ஆரம்பித்தார். மெயின் ரோடு, பாலம், இடது கைப் பக்கத் திருப்பம், சரிவு, வண்டி நிறுத்தும் இடம், புல்லுக்கு நடுவே இறங்கும் பாதை. ஸ்கேல் வைக்காமலே ஒவ்வொரு கோடும் நேராக விழுந்தது. முடித்துக் கணவரிடம் நீட்டினார்.

“நாளைக்குப் பத்து மணிக்குக் கமிட்டி அங்கதான் கூடுது. நீங்களே வந்து உங்க வாயால சொல்லணும். வழி தெரியாதுல்ல, அதான் வரைஞ்சிருக்கேன்.”

அவர் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். திருப்பத்தை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்தார். காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று மெல்லக் கேட்டார்.

“நான் ஏழு மணிக்கே போயிடுவேன்” என்றார் அந்த அம்மா. “நீங்க தனியா வாங்க.”